விமானம் மட்டுமே போகும் ஊரில் பெருந்தொற்று வந்தால்?

கேள்வி: கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட் பகுதியில், பூர்வகுடிகளான இனுவிட் மக்கள் வாழும் சிற்றூரில் நர்ஸாகச் சேரப்போகிறேன். கோவிட் போல மறுபடி ஒன்று வந்தால் எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

பதில்: நுனாவுட்டின் 25 ஊர்களை இணைக்கச் சாலை கிடையாது. அதனால் நோய் தாமதமாக வரும், வந்துவிட்டால் நிற்காது. 2020 மார்ச் முதல், ஊர் திரும்புவோரை ஒட்டாவா, வின்னிபெக் போன்ற நகரங்களிலேயே 14 நாள் தங்கவைத்தார்கள். நவம்பர் வரை ஊர்களுக்குள் தொற்று இல்லை. பிறகு ஆர்வியட் என்ற ஊரில் நுழைந்து மளமளவென்று பரவியது. நெரிசலான வீடுகள் அதற்கு முக்கியக் காரணம். 'தனியாக இருங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடாமல், நோயாளி இன்றிரவு எங்கே படுப்பார் என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்தையோ சமூகக் கூடத்தையோ பயன்படுத்த ஊர் நிர்வாகத்திடம் முன்பே பேசிவையுங்கள். வேட்டைக்குப் போக முடியாமல் அடைபட்ட குடும்பத்துக்கு கரிபு (பனிப்பிரதேச மான்) இறைச்சியும் மீனும் யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதையும் அப்போதே முடிவுசெய்யுங்கள்.

பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும், பனிப்புயலில் வராது. அந்த நாட்களுக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள சானிடைசர் இருப்பில் இருக்கட்டும். கைப்பிடிகளைத் துடைக்க, 5% ப்ளீச்சில் 20 மி.லி. எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் அன்றன்றைக்குக் கலக்குங்கள்.

தடுப்பூசியை வெப்பத்தைவிட அங்கே குளிர்தான் கெடுக்கும். கோவிட் காலத்தில் அங்கு போடப்பட்ட மாடர்னா ஊசியை உருகியபின் 2–8 டிகிரியில் 30 நாள் வைக்க முடிந்தது, ஆனால் மறுபடி உறையவிடக் கூடாது. மைனஸ் 40 டிகிரியில் ஓடுதளத்தில் பெட்டி காத்திருந்தால் மருந்து வீண். விமானம் இறங்கும்போதே ஆள் நிற்க வேண்டும். அப்போது ஒரு குப்பியில் 10 டோஸ் இருந்தது. குப்பியில் எத்தனை டோஸோ அத்தனை பேர் சேர்ந்தபிறகு திறங்கள்.

இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கியதுமே மருத்துவரை அழையுங்கள். வானிலை கெட்டால், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் விமானம் வராது.

முதியவர் விமானம் ஏற மறுத்தால் அதைப் பிடிவாதமாக எண்ணாதீர்கள். 1950-களில் 'சி.டி. ஹோவ்' கப்பலில் வைத்தே எக்ஸ்ரே எடுத்து, காசநோய் இருந்தவர்களை அப்படியே தெற்கே உள்ள மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவில்லை, எங்கே புதைத்தார்கள் என்பதுகூட வீட்டாருக்குத் தெரியவில்லை. இதற்குக் கனடா அரசு மன்னிப்புக் கேட்டது 2019-ல்தான். அதனால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, எந்த மருத்துவமனை, கூட யார் வருவார், வீட்டுக்கு எப்போது போன் வரும் என்று விளக்கிய பிறகே சம்மதம் கேளுங்கள்.

காசநோய் இன்றும் அங்கே அதிகம். கோவிட் இல்லை என்று சோதனை சொன்னாலும், இருமல் இரண்டு மூன்று வாரம் நீடித்தால் சளியைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.