போர்க்கால விமானப் படைச் சீருடையையும் நாயின் கழுத்துப்பட்டையையும் வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?

உங்கள் மனைவியின் தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையில் அணிந்த கம்பளிச் சீருடையும், அவர் வளர்த்த நாயின் தோல் கழுத்துப்பட்டையும், இருவரும் சேர்ந்திருக்கும் புகைப்படமும் உங்களிடம் வந்திருப்பதாகவும், சீருடையை உலர்சலவைக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

பழந்துணிகளைப் பாதுகாக்கும் வேலையில் நான் சேர்ந்த புதிதில், ஒரு விமானியின் சட்டைக் கைமடிப்பில் ஒட்டியிருந்த வெள்ளை முடிகளை அழுக்கென்று நினைத்துத் தூரிகையால் தட்டிவிட்டேன். அவர் நாய் வளர்த்தார் என்பது பிறகு கிடைத்த ஒரு புகைப்படத்தில்தான் தெரிந்தது. அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை. ஆகவே, முதலில் சீருடையை வெள்ளைத் துணியின் மேல் விரித்து, பைகளையும் மடிப்புகளையும் காலரின் அடிப்பக்கத்தையும் படமெடுங்கள். முடி தென்பட்டால் இடுக்கியால் எடுத்து, எங்கே இருந்தது என்று குறித்த தாள் உறையில் வையுங்கள்.

கம்பளிக்கும் நாய் முடிக்கும் எதிரி ஒன்றுதான்: அந்துப்பூச்சியின் புழு. இரண்டிலும் உள்ள கெராட்டின் என்ற புரதம்தான் அதற்கு உணவு. சீருடையைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, −18 பாகை செல்சியஸில் இயங்கும் ஃப்ரீசரில் 2 வாரம் வைத்து எடுங்கள். எடுத்த பின் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் துணியில் நீர் கோத்துவிடும். பித்தளைப் பொத்தான்களைப் பளபளப்பாக்க வேண்டாம். மெருகுப் பசை கம்பளியில் இறங்கிக் கறையாகிவிடும்.

கழுத்துப்பட்டைக்கு எண்ணெய் தடவாதீர்கள். தோலில் உள்ள கொழுப்பும் பித்தளைக் கொக்கியும் சேரும் இடத்தில் பச்சை மெழுகுபோல் ஒன்று படியும். அதை மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டினால் போதும். சீருடையும் பட்டையும் அமிலமற்ற தாள் சுற்றித் தனித்தனிப் பெட்டியில் இருக்கட்டும்.

பெட்டி தனியானாலும் வரலாறு பிரிந்துவிடக் கூடாது. செக் வீரர் ரோபெர்ட் போஸ்ட்யெக் 1940இல் பிரான்சில் குட்டியாகக் கண்டெடுத்த ஆன்டிஸ் என்ற நாய், பிரிட்டிஷ் விமானப் படையின் 311ஆம் அணியின் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தில் அவருடன் பறந்து காயம்பட்டு, 1949இல், போரில் துணிவு காட்டிய விலங்குகளுக்கு வழங்கப்படும் டிக்கின் பதக்கமும் பெற்றது. அதன் பெயர் அதனால் நிலைத்தது. பதக்கம் பெறாத நாய்களின் பெயர் குடும்பத்தார் நினைவில் மட்டுமே இருக்கிறது. உங்கள் கேள்வியில் நாயின் பெயர் இல்லை. உங்கள் மாமியாருக்கு அது தெரிந்திருக்கலாம். இந்த வாரமே கேட்டு, பென்சிலால் எழுதி, இரண்டு பெட்டிகளிலும் ஒவ்வொரு சீட்டு வையுங்கள்.