முடக்கு வாதமும் ரத்தக் குழாயும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

முடக்கு வாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற மூட்டு நோய்) பற்றி வந்த கேள்விகளில் இதயத்தையும் ரத்தக் குழாயையும் தொட்டவற்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். முகம் பார்க்காமல் யாருக்கும் மருந்து எழுத முடியாது. உங்கள் டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

எனக்கு விரல் மூட்டுகளில்தான் வீக்கம். இதயத்தையும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். செலவு வைக்கிறார்களா? (திருப்பாதிரிப்புலியூர், 46 வயதுப் பெண்)

இல்லை அம்மா. வீக்கம் தெரிவது விரலில். அதைக் கிளப்பும் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் ரத்தத்தில் உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன. அவை ரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்படுத்தி, கொழுப்பு சீக்கிரம் படிய வழி செய்கின்றன. முடக்கு வாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஐரோப்பிய வழிகாட்டுதல், வழக்கமான முறையில் கணக்கிட்ட அபாயத்தை 1.5 ஆல் பெருக்கிக்கொள்ளச் சொல்கிறது. உங்களுக்கு முதலில் தேவை பி.பி., சுகர், கொலஸ்ட்ரால், ஒரு ஈ.சி.ஜி. பெரிய ஸ்கேன் எதையும் யாரும் எடுத்தவுடன் கேட்க மாட்டார்கள்.

நோய் கடுமையாக இருந்தபோது கொலஸ்ட்ரால் குறைவு. முடக்கு வாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசி போட்டு மூட்டு சரியானதும் ஏறிவிட்டது. ஊசியை நிறுத்தட்டுமா? (வில்லியனூர், ஆசிரியர்)

நிறுத்தாதீர்கள் சார். அழற்சி, அதாவது மூட்டை வீங்க வைக்கும் அந்த எரிச்சல், கொழுந்துவிட்டு எரியும்போது கொலஸ்ட்ரால் எண் தானாகவே இறங்கும். அப்போது அபாயம் குறைவு என்று பொருள் இல்லை, உண்மையில் அதிகம். அழற்சி அடங்கியதும் எண் மேலே வரும். டோசிலிசுமாபில் அது கொஞ்சம் கூடுதலாகவே வரும். இந்த ஊசியையும், டி.என்.எஃப்.பைத் தடுக்கும் எட்டனர்செப்ட் ஊசியையும் 3000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஒப்பிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. நோய் அடங்கியிருக்கும்போது எடுத்த எண்ணை நம்புங்கள். அது அதிகமாக இருந்தால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

அம்மாவுக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய் மருந்து என்று படித்துவிட்டுத் தொட மறுக்கிறார். (நெல்லிக்குப்பம்)

தம்பி, இந்தப் பயத்தை நான் வாரா வாரம் பார்க்கிறேன். புற்றுநோய்க்குக் கொடுப்பது மிகப் பெரிய அளவு. முடக்கு வாதத்துக்கு வாரம் ஒருமுறை, பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. முடக்கு வாதத்தில் இதைச் சாப்பிட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், அவர்களுக்கு இதய நோய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஆனால் 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முடக்கு வாதம் இல்லாத இதய நோயாளிகளுக்கு இதையே கொடுத்தபோது பலன் இல்லை. ஆக இது இதய மாத்திரை இல்லை. முடக்கு வாதத்தின் அழற்சியை அடக்குகிறது, அதில் குழாய்க்கும் நல்லது நடக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாதவர்களிடம், அதோடு சல்ஃபாசலசீன், ஹைட்ராக்சிகுளோரோகுயின் சேர்த்த மூன்று மாத்திரைக் கூட்டணியையும், விலை அதிகமான டி.என்.எஃப். ஊசி (டி.என்.எஃப்.பைத் தடுக்கும் ஊசி) சேர்த்ததையும் ஒப்பிட்டார்கள். ஸ்கேனில் ரத்தக் குழாய் அழற்சி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஊசிக்குப் பணமில்லையே என்று தவிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டியதைத் தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குப் போவதுண்டு. கிழமையை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள். கூடவே எழுதிக்கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விடக் கூடாது. ரத்த அணு, ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தவறாமல் செய்ய வேண்டும். மது வேண்டாம். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவுக்கு இது ஆகாது.

கடலுக்குப் போகிற வேலை. வலித்தால் மெடிக்கலில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். போதாதா? (கடலூர் முதுநகர்)

அண்ணே, எனக்கு மெத்தோட்ரெக்சேட்டைவிட இந்த ரெண்டு மாத்திரைதான் பயம். பேர் இல்லாத காகிதப் பொட்டலத்தில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை இருக்கும், சில சமயம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். டைக்ளோஃபினாக், எட்டோரிகாக்சிப் வகைகள் உடம்பில் உப்பைத் தேக்கி பி.பி.யை ஏற்றும், மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். ரோஃபெகாக்சிப் என்ற வலி மாத்திரையை இதனால்தான் 2004-இல் சந்தையிலிருந்தே எடுத்தார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை போட்டால் ஆஸ்பிரினின் வேலை கெடலாம். ஸ்டீராய்டு சுகரையும் பி.பி.யையும் ஏற்றும், ஆனால் ரொம்ப நாள் சாப்பிட்டவர் திடீரென்று விடவும் கூடாது. எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள். கோரிமேடு ஜிப்மரில் கிளினிக்கல் இம்யூனாலஜி என்று இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பி.பி. இருந்தால் கருவாட்டையும் குறையுங்கள், உங்கள் ஊரில் கஷ்டம்தான்.

முடக்கு வாதத்துக்கு டோஃபாசிடினிப் மாத்திரை சாப்பிடுகிறேன். 58 வயது, சிகரெட் உண்டு. ஆபத்தா? (லாஸ்பேட்டை)

கேட்டது நல்லது சார், உங்களைப் போன்றவர்களை வைத்துத்தான் ஆய்வே நடந்தது. 50 வயது தாண்டி, இதய அபாயம் ஒன்றாவது உள்ள 4362 பேர். 2022-இல் வெளியான முடிவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றும் சேர்ந்து டோஃபாசிடினிப்பில் 3.4 சதவீதம், டி.என்.எஃப். ஊசியில் 2.5 சதவீதம். புற்றுநோயும் சற்று அதிகம். வித்தியாசம் பெரிதில்லை, ஆனாலும் உங்களுக்கு வேறு வழி இருந்தால் அதையே நான் விரும்புவேன். நீங்களாக நிறுத்தாதீர்கள், இந்த வாரமே டாக்டரிடம் பேசுங்கள். டி.என்.எஃப். ஊசிக்கு மாறினால் முதலில் டி.பி. பரிசோதனை வேண்டும். இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அந்த ஊசி ஒத்துவராது. சிகரெட்டைப் பொறுத்தவரை பேச்சே இல்லை, அது முடக்கு வாதத்தையும் வளர்க்கும், குழாயையும் அடைக்கும்.

மூட்டு வலிக்கு முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்கலாமா? (பண்ருட்டி)

ருசிக்காகக் குடியுங்கள். மருந்துக்குப் பதிலாக வேண்டாம். அந்தக் காசில் மத்தியோ கானாங்கெளுத்தியோ வாங்கிக் குழம்பு வையுங்கள், ஒமேகா-3 அதில் தாராளம்.

தோள்வலி எப்போதும் இருக்கிறது. மாரடைப்பு வலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (முத்தியால்பேட்டை, 61 வயதுப் பெண்)

கையைத் தூக்கினால், திருப்பினால் கூடுகிற வலி பெரும்பாலும் மூட்டுடையது. மாடி ஏறும்போது வந்து உட்கார்ந்தால் அடங்குகிற வலி, நெஞ்சிலோ தாடையிலோ அழுத்தம், காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல், இதுவரை இல்லாத அசதி ஆகியவற்றை வாதம் என்று தள்ளாதீர்கள் அம்மா. பெண்களுக்கு நெஞ்சு வலியோடு, சில சமயம் பெரிய நெஞ்சு வலி இல்லாமலேயே, இப்படியெல்லாம் வரும். வாயு என்று இஞ்சிச் சாறு குடித்துக் காத்திருக்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். கேஷுவால்டியில் முடக்கு வாதம் இருப்பதையும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் முதலிலேயே சொல்லி ஈ.சி.ஜி. கேளுங்கள்.