சம்பளம் வேறு, வட்டி வேறு, பங்கு வேறு: கூட்டுத் தொழில் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் பிரிவதைப் பற்றியவை. சேரும்போது அரை நாள் உட்கார்ந்து எழுதியிருந்தால் அவற்றில் பாதி வந்தே இருக்காது.

நானும் நண்பரும் பள்ளி நாளிலிருந்து பழக்கம். ஒப்பந்தம் எழுதலாம் என்று சொன்னால் அவரைச் சந்தேகப்படுவது போல் ஆகாதா?

ஆகாது. எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்ட பிறகு பணத்தை இறக்குங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நீங்கள் எழுதாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்று நினைக்க வேண்டாம். உங்களுக்குப் பதில் சட்டம் எழுதிவைத்திருப்பது பொருந்தும். பிரிட்டனின் 1890ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டமும் சரி, இந்தியாவின் 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டமும் சரி, எழுத்திலோ பேச்சிலோ வேறு ஏற்பாடு இல்லாத கூட்டாளிகளுக்குச் சொல்வது ஒன்றுதான்: லாபமும் நட்டமும் சரிசமம், உழைப்புக்குச் சம்பளம் கிடையாது, போட்ட முதலுக்கு வட்டி கிடையாது. வாய்ப்பேச்சில் வேறு ஏற்பாடு இருந்தது என்று சொல்லலாம். சண்டை வந்த பிறகு அதை நிரூபிப்பது உங்கள் பாடு.

இருவருக்கும் சரிபாதி. ஒவ்வொரு முடிவிலும் இழுபறி. யாராவது ஒருவர் 51 வைத்துக்கொள்வதுதான் வழியா?

அந்த ஒரு விழுக்காட்டை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. துறை பிரியுங்கள். கொள்முதலும் விலையும் ஒருவர் சொல். ஆட்களும் உற்பத்தியும் மற்றவர் சொல். ஒவ்வொருவரும் தனியாக முடிவெடுக்க ஓர் உச்சவரம்பு வையுங்கள். ஒரு மாத விற்பனையில் 5 விழுக்காடு போதும். கடன் வாங்குவது, புது ஆளைக் கூட்டாளியாகச் சேர்ப்பது, இடம் மாற்றுவது, தொழிலையே விற்பது ஆகிய நான்குக்கு மட்டும் இருவர் கையெழுத்தும் கட்டாயம்.

அப்படியும் 30 நாளில் தீராத விஷயத்துக்கு, இருவரும் இப்போதே ஏற்றுக்கொண்ட மூன்றாம் நபர் ஒருவரின் பெயர் பத்திரத்தில் இருக்கட்டும். சண்டை தொடங்கிய பிறகு நடுவர் தேடினால், அவர் யாருடைய ஆள் என்பதே அடுத்த சண்டையாகும்.

‘ஒருவர் விலை சொல்வார், அந்த விலைக்கு வாங்குவதா, விற்பதா என்று மற்றவர் தேர்ந்தெடுப்பார்’ என்ற ஷரத்தையும் சிலர் சேர்க்கிறார்கள். விலை சொல்பவரை நேர்மையாக வைத்திருக்கும் நல்ல ஷரத்துதான். ஆனால் கையில் காசுள்ளவர், மற்றவரால் புரட்ட முடியாத நேரம் பார்த்துக் குறைந்த விலையைச் சொல்லிவிடலாம். அதனால் பதில் சொல்ல 30 நாள், பணம் கட்ட குறைந்தது 90 நாள், மூன்றில் இரண்டு பங்கைத் தவணையாகத் தரும் உரிமை ஆகியவற்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

என் பார்ட்னர் சரியில்லை. என்ன செய்வது?

கடிதம் இவ்வளவுதான். என்ன தொழில், எத்தனை பேர், யார் எவ்வளவு போட்டது, எழுத்தில் என்ன இருக்கிறது, ‘சரியில்லை’ என்றால் வேலைக்கு வரவில்லையா, கணக்குக் காட்டவில்லையா, பணம் எடுத்துவிட்டாரா, எதுவும் இல்லை. இதை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. அதற்குள் இந்த வாரமே மூன்று வேலை செய்யுங்கள்: கடைசி 12 மாத வங்கி அறிக்கையை நேரடியாக வங்கியிலிருந்து எடுங்கள், சரக்கை இருவருமாக எண்ணிப் பட்டியலில் கையெழுத்திடுங்கள், வர வேண்டியது, தர வேண்டியது இரண்டுக்கும் தேதி போட்ட பட்டியல் தயார் செய்யுங்கள். பிறகு எழுதுங்கள்.

நண்பர் 20 லட்சம் போட்டார். என்னிடம் காசில்லை, உழைப்பு என்னுடையது. லாபத்தில் பாதிப் பாதி என்று பேச்சு. ஒரு வருடம் முடிந்து 6 லட்சம் நின்றது, ஆளுக்கு 3 எடுத்தோம். நாள் முழுக்க உழைத்தும் இவ்வளவுதானா என்று எனக்குக் குறை. 20 லட்சம் போட்டும் இவ்வளவுதானா என்று அவருக்குக் குறை. யார் பக்கம் நியாயம்?

இருவர் பக்கமும். இந்த ஒரே கேள்வி வேறு வேறு தொழில்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சொல்வதைத்தான் இப்போதும் சொல்கிறேன்: உழைப்புக்குச் சம்பளம், பணத்துக்கு வட்டி, துணிச்சலுக்குப் பங்கு. இந்த மூன்றையும் ‘பாதிப் பாதி’ என்ற ஒரே பையில் போட்டுக் குலுக்கினால் உள்ளே எது யாருடையது என்று பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

உங்கள் கணக்கையே போடுவோம். உங்கள் வேலையைச் செய்ய வெளியாள் ஒருவரை வைத்தால் மாதம் 25 ஆயிரம் தருவீர்கள் என்று கொள்வோம். வருடத்துக்கு 3 லட்சம். அது உங்கள் சம்பளம். நண்பரின் 20 லட்சத்துக்கு 10 விழுக்காடு என்றால் 2 லட்சம் வட்டி. ஆறில் ஐந்து போய் மீதி 1 லட்சம். அதுதான் உண்மையான லாபம். அதில்தான் பாதிப் பாதி. உங்களுக்கு மூன்றரை, அவருக்கு இரண்டரை. தொகை பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் எது எதற்காக வந்தது என்பது இருவருக்கும் தெரியும். அடுத்த வருடம் அவரும் வந்து உட்கார்ந்து வேலை பார்த்தால் அவருக்கும் சம்பளம் உண்டு. நீங்கள் 5 லட்சம் கொண்டுவந்து போட்டால் உங்களுக்கும் வட்டி உண்டு. பங்கு விகிதத்தைத் தொட வேண்டியதில்லை.

மோசமான வருடத்திலும் இந்தக் கணக்கு நிற்கும். சம்பளம் தருவதற்கு முன் 2 லட்சம்தான் நின்றது என்று வையுங்கள். உங்கள் சம்பளம் 3 லட்சம் போக 1 லட்சம் நட்டம். லாபமே இல்லாததால் முதலுக்கு வட்டி இல்லை. வட்டி லாபத்திலிருந்து மட்டும் என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். நட்டம் ஆளுக்கு 50 ஆயிரம். உங்கள் கைக்கு நிகரமாக இரண்டரை வந்தது, நண்பரின் முதல் 50 ஆயிரம் கரைந்தது. அவருக்கு இது கசக்கும். கசக்குமா என்பதைப் பணம் போடும் முன்பே இந்த எண்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்தை நீங்கள் கேட்கவே இல்லை. தொழிலை மூடும் நாளில் அந்த 20 லட்சத்தில் 8 தான் மிச்சம் என்று வையுங்கள். 12 லட்சம் முதல் நட்டம். வேறு எழுத்து இல்லையென்றால், போட்ட முதலில் விழுந்த நட்டமும் லாப விகிதத்திலேயே பகிரப்படும் என்பதுதான் மேலே சொன்ன இரண்டு சட்டங்களின் பொது விதி. அதாவது ஒரு காசும் போடாத நீங்கள் 6 லட்சம் கொண்டுவந்து வைக்க வேண்டும். ‘என் உழைப்பு போயிற்று, அவர் பணம் போயிற்று, சரிக்குச் சரி’ என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது இடியாக விழும். 1957இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு வழக்கில், உழைப்பை மட்டும் போட்டவர் மற்றவரின் பண நட்டத்தில் பங்கு தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நம்பி நீங்கள் தொழில் நடத்த முடியாது. ஒரே ஒரு வரி எழுதினால் போதும்: ‘கலைக்கும்போது, போட்ட முதலில் ஏற்படும் நட்டம், முதல் போட்டவரை அவரவர் போட்ட விகிதத்தில் மட்டும் சாரும்.’ நண்பர் இதற்கு ஒப்பவில்லையா? அப்படியானால் உங்கள் லாபப் பங்கு கூட வேண்டும். அதைப் பேசுங்கள்.

சம்பளத்தை ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில் திருத்துங்கள். ‘வெளியாளுக்கு என்ன தருவோம்’ என்பதே அளவுகோல். வீட்டுத் தேவையை அளவுகோலாக்காதீர்கள்.

கணக்கில் 12 லட்சம் லாபம். ஆனால் வங்கியில் பணமில்லை. கூட்டாளி தன் பங்கை எடுக்க வேண்டும் என்கிறார். கணக்கு எழுதுபவர் ஏமாற்றுகிறாரா?

அவர் மேல் பாய்வதற்கு முன், தொழிலின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பைப் பாருங்கள். வாடிக்கையாளர்கள் தர வேண்டிய கடன் பாக்கி 5 லட்சம் கூடியிருக்கும், சரக்கு 3 லட்சம் கூடியிருக்கும், வங்கிக் கடனில் அசல் 2 லட்சம் கட்டியிருப்பீர்கள். பத்து போயிற்று. மீதி 2, அதிலும் வரி பாக்கி. லாபம் உண்மை, பணம் அலமாரியிலும் வாடிக்கையாளரிடமும் இருக்கிறது. எடுப்புக்கு வரம்பு வையுங்கள்: மாதாமாதம் நிலையான தொகை, வருட முடிவில் கணக்கு முடித்து வரி ஒதுக்கிய பிறகு மீதியில் அதிகபட்சம் பாதி. இரண்டு மாதச் செலவுக்கான இருப்பு வங்கியில் இல்லாத வரை கூடுதல் எடுப்பு இல்லை. வரம்பு மீறி எடுத்தவர் வட்டியோடு திருப்பட்டும்.

வங்கியில் யார் கையெழுத்து? தனித்தனியா, கூட்டாகவா?

சின்னத் தொகைக்குத் தனி, வரம்புக்கு மேல் கூட்டாக. இணைய வங்கியிலும் அதே ஏற்பாடு கேளுங்கள்: ஒருவர் பதிய, மற்றவர் ஒப்புதல் தர. கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டால் இந்த ஏற்பாடு முழுக்க வீண். சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் ஒரு கூட்டாளி தொழிலின் பெயரில் வழக்கமான முறையில் வாங்கும் கடன் எல்லோரையும் கட்டும். கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். கையெழுத்து வரம்பு வங்கியை மட்டும்தான் தடுக்கும். பெரிய சப்ளையர்களுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

மூன்றாமவர் ஒருவர் 20 விழுக்காட்டுக்கு வருகிறார். நாங்கள் இருவரும் 50:50. அவர் எவ்வளவு தர வேண்டும்?

இரண்டு தொகை. ஒன்று அவருடைய முதல். இன்னொன்று நற்பெயருக்கான தொகை, அதாவது தொழில் இதுவரை சம்பாதித்த பெயருக்கும் வாடிக்கைக்கும் உள்ள விலை. பலர் இரண்டாவதை மறந்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். நற்பெயர் மதிப்பு 10 லட்சம் என்றால் அவர் 2 லட்சம் கொண்டுவர வேண்டும். நீங்கள் ஆளுக்குப் பத்து விழுக்காடு விட்டுக்கொடுத்து 40:40:20 ஆவதால் ஆளுக்கு 1 லட்சம் உங்கள் முதல் கணக்கில் சேரும்.

மதிப்பிடும் வழி: கடைசி மூன்று வருடச் சராசரி லாபம், அதிலிருந்து கூட்டாளிகளின் நியாயமான சம்பளத்தையும் முதலுக்கான வட்டியையும் கழித்து, மீதியை இரண்டால் பெருக்குங்கள். சம்பளத்தைக் கழிக்காமல் பெருக்கினால் உங்கள் உழைப்பையே அவருக்கு நற்பெயர் என்று விற்கிறீர்கள். சேரும் நாளில் சரக்கு, கடன் பாக்கி, இயந்திரம் எல்லாவற்றையும் மறுமதிப்பீடு செய்யுங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய கடன்கள் யாருடையவை என்று தனியாக எழுதுங்கள். எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்ட பிறகுதான் அவர் பணம் உள்ளே வர வேண்டும்.

கூட்டாளி இறந்தால் அவர் மனைவி தானாகவே கூட்டாளி ஆவாரா?

பொதுவாக ஆகமாட்டார். கணவரின் முதலும் சேர வேண்டிய லாபமும் வாரிசுகளுக்குச் சேரும். நிர்வாக இடம் சேராது. இருவர் மட்டும் இருந்த தொழில் என்றால் கூட்டே முடிந்துபோகும். கணக்கு எந்தத் தேதியோடு முடியும், பணம் எத்தனை மாதத்தில், எத்தனை தவணையில் தரப்படும் என்பதை இருவரும் நலமாக இருக்கும்போதே எழுதுங்கள். 24 மாதத் தவணை தொழிலையும் காக்கும், குடும்பத்தையும் காக்கும். வீட்டாருக்கும் பத்திரத்தின் ஒரு பிரதி கொடுங்கள்.

கூட்டாளி அதே தொழிலைத் தம்பி பெயரில் தனியாக நடத்துகிறார். கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். போட்டித் தொழிலில் வந்த லாபத்துக்குக் கூட்டாளி கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். தம்பி பெயரில் இருந்தாலும் நடத்துவது இவர்தான் என்று நீங்கள் காட்ட வேண்டும். பில், சரக்கு அனுப்பிய சீட்டு, வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவற்றைச் சேகரித்த பிறகு வாய் திறங்கள்.

நல்ல பார்ட்னரைக் கண்டுபிடிப்பது எப்படி?

முழுத் தொழிலில் இறங்கும் முன் சின்ன வேலை ஒன்றை மூன்று மாதம் சேர்ந்து செய்யுங்கள். செலவு, வரவு, காலக்கெடு மூன்றும் உள்ள வேலையாக இருக்கட்டும். தன் தனிப்பட்ட கடன்களைப் பட்டியலிட்டுக் காட்டத் தயங்குபவரோடு சேராதீர்கள்.

இரண்டு வருடம் முன்பே விலகிவிட்டேன். இப்போது வங்கி என்னிடம் கேட்கிறது. எப்படி?

விலகியதைக் கூட்டாளியிடம் மட்டும் சொல்லியிருப்பீர்கள். வங்கி, சப்ளையர், வாடிக்கையாளர் எல்லோருக்கும் எழுத்தில் அறிவிப்புப் போக வேண்டும். பதிவு செய்த நிறுவனம் என்றால் பதிவேட்டிலும் மாற்ற வேண்டும். நீங்கள் கொடுத்த தனிப்பட்ட உத்தரவாதம் விலகுவதால் தானாக ரத்தாகாது. வங்கி அதை எழுத்தில் விடுவிக்க வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வராமல் விலகல் பத்திரத்தில் கையெழுத்திட்டது தவறு. இப்போது முதல் வேலை, விலகிய தேதியில் நிலுவையாக இருந்த தொகை எவ்வளவு, அதற்குப் பின் எடுத்தது எவ்வளவு என்று வங்கியிடம் பிரித்துக் கேளுங்கள். உத்தரவாதக் கடிதத்தின் நகலையும் வாங்கி, அதில் தொகை வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். அதுவரை வங்கி நீட்டும் எந்தப் புதுத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.