ரெண்டு வருஷத்தில் எங்கள் வேலை போய்விடுமா?

கேள்வி: நானும் என் கணவரும் எலெக்ட்ரானிக் சிட்டியில் வெவ்வேறு கம்பெனிகளில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறோம். சேலத்திலிருந்து இங்கே வந்து பதினைந்து வருடம் ஆகிறது. மெட்ரோ வந்துவிட்டதே என்று பொம்மசந்திரா பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். 20 வருடக் கடன். இப்போது ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில், ரெண்டு வருஷத்தில் டெஸ்டிங்கே இருக்காது, எல்லாம் ஏ.ஐ. செய்துவிடும் என்கிறார்கள். என் அண்ணன், ஐ.டி. எப்போதும் மீண்டு வரும், பயப்படாதே என்கிறார். மாமியார் சனிப்பெயர்ச்சி முடியட்டும் என்கிறார். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவளைக் கம்ப்யூட்டர் சயன்ஸில் சேர்ப்பதா என்றும் குழப்பம். ராத்திரி தூக்கமே இல்லை. யார் சொல்வதை நம்புவது?
– பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ரெண்டு வருடத்தில் டெஸ்டிங் வேலை என்னவாகும் என்று அடித்துச் சொல்லக்கூடியவர் உங்கள் குரூப்பிலும் இல்லை, உங்கள் கம்பெனி மேலிடத்திலும் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நீங்கள் நம்பி அட்வான்ஸ் கொடுத்த அந்த மெட்ரோவையே பாருங்கள்.

ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர். 2021-இல் ஓடும் என்றார்கள், ஓடியது 2025 ஆகஸ்டில். திட்டம் போட்டவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. தூண் எழும்ப எத்தனை மாதம், நிலம் கைக்கு வர எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டவர்கள்தான். ரயில் பெட்டிகளுக்கான ஒப்பந்தம் 2019-இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. அடுத்த வருடமே கொரோனா. அந்த ஜூனில் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீன ராணுவங்களுக்குள் மோதல். சீன முதலீட்டுக்கும் சீனப் பொறியாளர்களின் விசாவுக்கும் கெடுபிடி கூடியது. கடைசியில் இந்திய நிறுவனம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு பெட்டிகளை இங்கே செய்ய வேண்டியதாயிற்று. தண்டவாளமும் நிலையங்களும் தயாராகிக் காத்திருந்தன, ஓட்ட ரயில் இல்லை. 2019-இல் கணக்குப் போட்ட எந்த அதிகாரியால் கல்வானை அந்தக் கணக்கில் சேர்த்திருக்க முடியும்? அந்தத் தேதியை நம்பி, அதே பாதையிலுள்ள ஹெப்பகோடியில் வீடு வாங்கியவர்கள் கூடுதலாக நான்கு வருடம் சில்க் போர்டு நெரிசலில் நின்றார்கள்.

ஏ.ஐ. விஷயத்துக்கு வருகிறேன். ஜெஃப்ரி ஹின்டன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்றைய ஏ.ஐ.க்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், 2024-இல் இயற்பியல் நோபல் பெற்றவர். 2016-இல் அவர், ஸ்கேன், எக்ஸ்ரே படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் டாக்டர்களான ரேடியாலஜிஸ்டுகளுக்கு இனிப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்றார். ஐந்து வருடத்தில், மிஞ்சிப்போனால் பத்து வருடத்தில், ஸ்கேன் படங்களை இயந்திரம் அவர்களைவிட நன்றாகப் பார்த்துவிடும் என்பது அவர் கணிப்பு. ஸ்கேன் பார்க்கும் மென்பொருள்கள் நிஜமாகவே வந்தன. ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இன்று ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பற்றாக்குறை. படம் பார்ப்பது அந்த வேலையில் ஒரு பகுதிதான். மற்ற டாக்டர்களோடு கலந்து பேசுவது, அடுத்து எந்த ஸ்கேன் தேவை என்று முடிவு செய்வது, ரிப்போர்ட்டுக்குப் பொறுப்பேற்பது எல்லாம் மிச்சம் இருந்தன. துறையை உருவாக்கியவருக்கே இப்படி என்றால், வாட்ஸப்பில் வரும் ரெண்டு வருடக் கெடுவுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது?

இதனால் உங்கள் வேலை பத்திரம் என்று நான் சொல்லவில்லை. ரேடியாலஜியில் நடக்காதது டெஸ்டிங்கில் நடக்கலாம். அண்ணன் சொல்வதும் ஒரு கணிப்புதான், அவரிடமும் ஆதாரம் இல்லை. 2020 ஏப்ரலில் ஐ.டி. கதை முடிந்தது என்று பயந்தோம். 2021-22-இல் ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் திண்டாடின. 2023-24-இல் பெரிய கம்பெனிகளிலேயே ஆள் எண்ணிக்கை குறைந்தது. நான்கு வருடத்தில் இத்தனை புரட்டல்!

ஃபிலிப் டெட்லாக் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர், அரசியலிலும் பொருளாதாரத்திலும் 284 நிபுணர்கள் சொன்ன கணிப்புகளைச் சுமார் இருபது ஆண்டுகள் குறித்துவைத்துச் சரிபார்த்தார். போன வருடம் போலவே அடுத்த வருடமும் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு போடும் கணக்கைக்கூடப் பலரால் தாண்ட முடியவில்லை. டி.வி.யிலும் பத்திரிகையிலும் அதிகம் பேசப்பட்டவர்கள் மற்றவர்களைவிட மோசம். தயங்கித் தயங்கி, 'ஆனால் இப்படியும் ஆகலாம்' என்று சொன்னவர்கள் கொஞ்சம் தேறினார்கள். வானிலைக்காரர்கள் நாளைய மழையை இவர்களைவிட நன்றாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சொன்னது சரியா என்று மறுநாளே தெரிந்துவிடுகிறது, தப்பைத் திருத்திக்கொள்கிறார்கள். உங்கள் குரூப்பில் சொன்னவரை ரெண்டு வருடம் கழித்து யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்த முறை அவர் ஆரம்பித்தால், எந்தத் தேதிக்குள், நூற்றுக்கு எத்தனை சதவீதம் நிச்சயம் என்று மட்டும் கேளுங்கள். எழுதியும் வையுங்கள்.

சரி, எதிர்காலம் தெரியாமலேயே கண்ணுக்குத் தெரிகிற ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய கவலை. கணவர், மனைவி இருவருக்கும் ஒரே தொழில். டெஸ்டிங்குக்கு அடி விழுந்தால் ரெண்டு சம்பளமும் ஒரே மாதத்தில் ஆடும். அதன் மேல் 20 வருடக் கடன். இதைப் புரிந்துகொள்ள எந்தக் கணிப்பும் வேண்டாம்.

ஆகவே இ.எம்.ஐ.யை ரெண்டு சம்பளத்தைக் கூட்டிக் கணக்குப் போடாதீர்கள். இருவரில் யாருக்குச் சம்பளம் குறைவோ அந்த ஒரு சம்பளத்தில் இ.எம்.ஐ.யும் வீட்டுச் செலவும் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் சின்ன ஃபிளாட், அல்லது இன்னும் கொஞ்ச நாள் வாடகை வீடு. வட்டியும் நம் பேச்சைக் கேட்காது. ரெப்போ என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டி; 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த அது, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. 2021-இல் 20 வருடம் என்று கடன் வாங்கிய பலருக்குத் தவணைக் காலம் பல வருடங்கள் நீண்டுபோனது. நீங்கள் வாங்குவதானால், இன்று சொல்லும் வட்டியைவிட ரெண்டு சதவீதம் கூட்டியே கணக்குப் போடுங்கள். இப்படி ஏறி இறங்கும் மிதக்கும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபரிடம் வங்கி அபராதம் வாங்கக் கூடாது. அதனால் இப்போது ரெண்டு சம்பளமும் வருகிற வரை, மிஞ்சுவதை அசலில் கட்டலாம். ஆனால் முதலில் ஆறு மாத வீட்டுச் செலவும் இ.எம்.ஐ.யும் தனியாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

உங்கள் இருவரில் ஒருவர், டெஸ்டிங்கை ஒட்டியே ஆனால் அதற்கு வெளியே இருக்கிற வேலைக்கு மெல்ல நகர முடியுமா என்றும் யோசியுங்கள். ரிலீஸ் மேனேஜ்மென்ட், கிளையன்ட்டோடு நேரில் பேசும் பிசினஸ் அனலிஸ்ட் வேலை மாதிரி. ரெண்டு பேரும் ஒரே கோர்ஸில் சேர வேண்டாம்.

மாமியாருக்குச் சனீஸ்வரர் கோயில் மனநிம்மதி தருமென்றால் கூடவே போய் வாருங்கள். கடன் முடிவை மட்டும் பெயர்ச்சித் தேதியில் கட்டிவைக்காதீர்கள்.

மகளைப் பற்றி இப்போது முடிவே எடுக்க வேண்டாம். அவள் வேலை தேடப் போவது எட்டு, ஒன்பது வருடம் கழித்து. அன்றைய வேலைச் சந்தையை வைத்து இன்று பாடக் குரூப் எடுக்க முடியாது. அவளுக்குக் கணக்குப் பிடித்திருந்தால் அதை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பல கதவுகள் திறந்திருக்கும். பிடிக்காவிட்டால் உங்கள் பயத்துக்காகக் கம்ப்யூட்டர் சயன்ஸில் தள்ளாதீர்கள். எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே உட்கார்ந்து படிக்கிறாள் என்று பாருங்கள்.

கடைசியாக, அந்த டோக்கன் அட்வான்ஸ். எவ்வளவு என்று எழுதவில்லை. ரேரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இனி ஒரு ரூபாயும் கொடுக்கும் முன், விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்த வாரமே கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.