காவிரிக் கரையில் டென்ட் போட்டு இரண்டு இரவு தங்க எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஆறு பேர், காவிரிக் கரையில் இரண்டு இரவு டென்ட் போட்டுத் தங்க ஆசைப்படுகிறோம். எந்த மாதம் போகலாம், எங்கே தங்கலாம், என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பதில்:

டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று பாருங்கள். நான் ஓசூர்க்காரன். இந்தப் பக்கம் ஆறு சார்ந்த எந்தப் பயணமானாலும் நீர்வரத்தை வைத்துத்தான் தேதி குறிப்போம்.

வெளியூர் நண்பர்கள் பெரும்பாலும் வானிலை ஆப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். "சனி, ஞாயிறு மழை இல்லை, போகலாம்" என்பார்கள். சிவனசமுத்திரத்திலிருந்து ஒகேனக்கல் வரைக்கும் உள்ள காவிரிக்கு இந்தக் கணக்கு உதவாது. நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் வானம் பளிச்சென்று இருக்கும். மழை குடகிலும் வயநாட்டிலும் கொட்டிக்கொண்டிருக்கும். குடகு மழை கிருஷ்ணராஜ சாகர் (கே.ஆர்.எஸ்.) அணைக்கும், வயநாட்டு மழை கபினி அணைக்கும் போய்ச் சேரும். கே.ஆர்.எஸ். 49 டி.எம்.சி. பிடிக்கும், கபினி வெறும் 19.5. அதனால் நல்ல மழை வருடங்களில் கபினி சீக்கிரமே நிரம்பி, வருகிற தண்ணீரை அப்படியே கீழே தள்ளிவிடும். அது காட்டுக்குள் நீங்கள் இருக்கும் கரைக்கு வந்து சேரும்போது, அங்கே ஒரு தூறல்கூட விழுந்திருக்காது.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் நடுவே பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத் கல்லூரி மாணவர்கள் 24 பேர், மேலே லார்ஜி அணையில் திறந்துவிட்ட தண்ணீரில் அடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். அணை கட்டிய ஆறு எல்லாமே இப்படித்தான்.

சரி, எந்த மாதம்? இதற்கு யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு நல்ல நாட்காட்டி இருக்கிறது. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதே, அதன்படி மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு வருடம் 177.25 டி.எம்.சி. வர வேண்டும். அதை மாதவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22, நவம்பரில் 13.78, டிசம்பரில் 7.35, ஜனவரியில் 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. இரண்டு மாநிலங்கள் இத்தனை வருடம் சண்டை போட்டு வாங்கிய அட்டவணை, கேம்பிங் போகிறவனுக்கும் உதவுகிறது!

இதைக் கன அடியாக மாற்றினால் இன்னும் தெளிவாகப் புரியும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஆகஸ்ட் கணக்கை 31 நாளுக்குப் பிரித்தால் சராசரியாக விநாடிக்கு 17,000 கன அடி வருகிறது. ஜனவரிக்கு அதே கணக்கைப் போட்டால் ஆயிரம் கன அடியைச் சற்றே தாண்டுகிறது. அதாவது ஆகஸ்டில் ஓடும் ஆற்றில் பதினாறில் ஒரு பங்குதான் ஜனவரியில் ஓடும். பாறைகள் வெளியே தெரியும், மணல்திட்டுகள் விரியும், தண்ணீரும் ஓரளவு தெளிந்திருக்கும். இதெல்லாம் காகிதத்தில் உள்ள சராசரி என்பதையும் மறக்க வேண்டாம். 2024 ஜூலை கடைசியில் ஒகேனக்கல்லில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. வறண்ட வருடத்தில் ஆகஸ்டிலேயே பாறை தெரியும்.

என்னைக் கேட்டால் டிசம்பர் பாதிக்கு மேல் தொடங்கி பிப்ரவரி முடிய. இரவில் குளிரும், ஆனால் ஒரு கம்பளியில் அடங்கிவிடும் குளிர்தான். அக்டோபர், நவம்பரில் வேறு ஒரு தொல்லை. வடகிழக்குப் பருவமழை உள்ளூரிலேயே பெய்து, சும்மா மணலாகக் கிடந்த காட்டாறுகளில் ஒரே மணி நேரத்தில் செம்மண் தண்ணீர் வந்துவிடும். மார்ச்சுக்கு மேல் போனால் வெயில் வாட்டும். அதோடு காட்டுக்குள் குட்டைகள் வற்றி யானைகள் கூட்டமாக ஆற்றுக்கு இறங்கும் காலம் அது. யானை பார்க்க நல்ல காலம்தான், ஆனால் டென்டில் தூங்க நல்ல காலமில்லை. ஆடிப்பெருக்கு சமயத்தில் ஆறு பார்க்க அழகாக இருக்கும். படிக்கட்டில் நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

இடத்துக்கு வருவோம். உங்களுக்குப் பிடித்த மணல்திட்டில் வண்டியை நிறுத்தி டென்ட் அடிக்க முடியாது. இதை முதலிலேயே நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே போய் வனக்காவலரிடம் வாக்குவாதம் செய்வார்கள். கர்நாடகப் பக்கம் 1987-லிருந்தே காவிரி வனவிலங்கு சரணாலயம். தமிழகப் பக்கம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காட்டை 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்துவிட்டார்கள். அனுமதி இல்லாமல் உள்ளே இரவு தங்குவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். யூடியூபில் யாரோ கரையில் கறி சுட்டுச் சாப்பிடும் வீடியோவைப் பார்த்துவிட்டு அதே இடத்தைத் தேடிப் போகாதீர்கள்.

முறையாகத் தங்க, கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரியிலும் காலிபோரேயிலும் ஆற்றை ஒட்டி முகாம் நடத்துகிறது. இரண்டுமே பெங்களூருவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், கனகபுரா பக்கம். உங்கள் கும்பலுக்கு நான் காலிபோரேயைச் சொல்வேன். பீமேஸ்வரியில் ஜிப்லைன், கயாக்கிங் என்று ஆட்டம் பாட்டத்துக்கு வருகிறவர்கள் அதிகம். டென்ட் அவர்களே போட்டு வைத்திருப்பார்கள், சாப்பாடும் அங்கேயே. "அப்போ இது கேம்பிங்கா, ரிசார்ட்டா?" என்று உங்களில் ஒருவராவது கேட்பார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் எதிர்க்கரையில் மூங்கில் முறியும் சத்தம் கேட்கும்போது அவருக்கு அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஆற்றை ஒட்டித்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால், ஒகேனக்கல்லுக்கு எதிர்ப்புறக் காட்டில் கோபிநத்தம் இருக்கிறது. வீரப்பனின் சொந்த ஊர். 2004-ல் அவர் சுட்டுக் கொல்லப்படும் வரை அந்தக் காட்டுப் பக்கம் சுற்றுலா போகப் பலர் தயங்கினார்கள். இன்று அதே ஊரில் அதே நிறுவனத்தின் முகாம் இருக்கிறது. ஒகேனக்கல் என்னைப் பொறுத்தவரை பகலில் பார்க்கிற ஊர். தங்கினால் லாட்ஜில் தங்கலாம், டென்டுக்கு அது தோதுப்படாது.

தேதி முடிவு செய்தபிறகு, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் தமிழ் நாளிதழின் தர்மபுரிப் பக்கத்தைப் பாருங்கள். "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி" என்று ஒரு சின்னச் செய்தி அடிக்கடி இருக்கும். பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளப்பதுதான் அந்த எண். உங்கள் முகாம் அதற்கு மேலே இருந்தாலும் ஆற்றின் போக்கைத் தெரிந்துகொள்ள இது போதும். எண் எவ்வளவு என்பதைவிட ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனியுங்கள். மூன்று நாளாக ஏறிக்கொண்டே போனால் முகாமுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பரிசலை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தால் யோசிக்கவே வேண்டாம், தள்ளிப்போடுங்கள்.

கரையில் இறங்கி உட்காரும்போது ஒரு வேலை செய்யுங்கள். இது எங்கள் ஊர்ப் பரிசல்காரர் ஒருவர் செய்ததைப் பார்த்துப் பழகியது. தண்ணீர் மணலைத் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டார். அதிலிருந்து ஒரு சாண் மேலே தள்ளி இன்னொன்று. டீ குடித்து முடிக்கும்போது முதல் குச்சியின் அடி நனைந்து, சுற்றிலும் சின்னக் குழி விழுந்திருந்தது. எழுந்து நின்று, "ஏறுது, பாத்திரத்தை எடுங்க" என்றார். எங்கள் கண்ணுக்கு ஆறு அப்படியேதான் இருந்தது. மேலே மின்நிலையங்களுக்காகத் தண்ணீரை விடுவதும் நிறுத்துவதும் நடக்கும் ஆறு இது. சிவனசமுத்திரத்தில் 1902-லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். குச்சி இல்லாவிட்டாலும் கவனிக்க வேறு அடையாளங்கள் உண்டு. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கும், சருகும் நுரையும் மிதந்து வரும், பாறை இடுக்கில் கேட்டுக்கொண்டிருந்த சலசலப்பு அடங்கிப் போகும். பாறை முங்கிவிட்டால் சத்தம் குறையும், அதை நல்லதென்று நினைத்துவிடக் கூடாது.

அதேபோலக் கரையோர மருத மரங்களை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கிளைகளில் செத்தையும் பிளாஸ்டிக்கும் கிழிந்த சேலையும் சிக்கியிருக்கும். போன வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். சில இடங்களில் அது உங்கள் தலைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் இருக்கும். மரத்தை நிமிர்ந்து பார்த்ததற்குப் பரிசாகச் சாம்பல் நிற அணிலும் கண்ணில் படலாம். பூனை அளவுக்கு இருக்கும், கிளைவிட்டுக் கிளை தாவும்போது வாலே தனியாகப் பறப்பதுபோலத் தெரியும்.

குளியல் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். முகாம்காரர்கள் காட்டும் இடத்தில், லைஃப் ஜாக்கெட்டோடு, அவ்வளவுதான். இந்த ஆற்றில் முதலைகள் உண்டு. முதலையைவிட மோசமானது பாறைக்குழி. சுழலில் மாட்டிய கூழாங்கற்கள் காலகாலமாகத் துளைத்துத் துளைத்துப் பாறைக்குள் கிணறுபோல ஆக்கியிருக்கும். மேலே முழங்கால் தண்ணீர், அடுத்த அடி பாதாளம். மேகதாதுவிலும் முத்தத்தியிலும் நன்றாக நீச்சல் தெரிந்தவர்களே போயிருக்கிறார்கள். குடித்துவிட்டு இறங்குகிறவரை அழைத்துப் போகாமல் இருப்பதே நல்லது.

குடிநீர் வீட்டிலிருந்தே கேன் கேனாக ஏற்றிவிடுங்கள். சங்கமத்தில் காவிரியோடு சேரும் அர்க்காவதி, பெங்களூருவின் கழிவைச் சுமந்துவரும் விருஷபாவதியைச் சேர்த்துக்கொண்டுதான் வருகிறது. அதற்குக் கீழே உள்ள தண்ணீரில் உங்கள் அபார்ட்மெண்டின் பங்கும் இருக்கும். முதல் நாள் மதியத்துக்குப் புளிசாதமும் பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொள்ளுங்கள், மற்றதை முகாமில் பார்த்துக்கொள்வார்கள். மிச்சச் சாப்பாட்டை டென்டுக்குள் வைக்காதீர்கள், குரங்கு ஜிப்பைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

ஆளுக்கொரு டார்ச், கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கால் பேன்ட், ஓடோமாஸ். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும். இருட்டினபிறகு பாத்ரூம் போவதானாலும் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இரண்டும் உள்ள பூமி. பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறிவிடுவது எல்லாம் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, நேராக விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். செல்போன் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. அதனால் பக்கத்து மருத்துவமனை எது, எவ்வளவு நேரம் ஆகும், ராத்திரி வண்டி ஓட்ட யார் இருப்பார்கள் என்பதை முகாமில் இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் இருவராவது குடிக்காமல் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

தூண்டில் எடுத்துவர நினைத்தால், வேண்டாம். 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய மசீர் மீனுக்காகவே வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து இந்த முகாம்கள் இருக்கும் கரை பேர்போனது. இன்று ஆரஞ்சுத் துடுப்பு மசீர் அழியும் விளிம்பில் இருக்கிறது. சரணாலயத்துக்குள் பிடித்துவிட்டுத் திருப்பி விடுவதற்கும் அனுமதி இல்லை.

திரும்பும்போது ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ஒகேனக்கல்லையும் பார்த்துவிடுங்கள். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகப் போகும் காட்டு ரோடு அருமையாக இருக்கும். ஆனால் யானை குறுக்கே வரும் ரோடு, மதியத்துக்குள் தாண்டிவிட வேண்டும். நேரமாகிவிட்டால் கிருஷ்ணகிரி, தர்மபுரி, பென்னாகரம் என்று சுற்றிப் போங்கள். ஒகேனக்கல்லில் மீனை வாங்கிக் கொடுத்தால் கூலிக்குச் சமைத்துத் தரும் அக்காமார்கள் இருக்கிறார்கள். குழம்பு, வறுவல் இரண்டும் வேண்டும் என்று முதலிலேயே பேசிவிட்டுப் பரிசலுக்குப் போங்கள். நீங்கள் ஈரத்தோடு திரும்பி வரும்போது தட்டு தயாராக இருக்கும். காரம் குறைவாக வேண்டுமென்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், அப்புறம் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது.