நீலாம்பரி கேட்டும் தூக்கம் வரவில்லை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். கேரள எல்லையில் ஆரியங்காவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறேன். அதிகாலை மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால்தான் வெயில் ஏறுவதற்குள் மரங்களை முடிக்க முடியும். அதனால் எட்டு மணிக்கே படுத்துவிடுகிறேன். படுப்பதோடு சரி, பத்தரை வரை கண் மூடாது. மலைப்பாதை வளைவில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போகும். பாட்டுக் கேட்டால் தூக்கம் வரும் என்று மகள் கைபேசியில் போட்டுக் கொடுத்தாள். பழைய சினிமாப் பாட்டு என்றால் கூடவே முணுமுணுக்கிறேன். வரிகள்தான் தொந்தரவு என்று நினைத்து, அதே பாட்டுகளைப் புல்லாங்குழலில் வாசித்ததைப் போட்டேன். அது இன்னும் மோசம். நிறுத்திய பிறகும் மண்டைக்குள் ஓடுகிறது. நீலாம்பரி ராகம் தூக்கத்தை வரவழைக்கும் என்றார்கள். நான் கோயில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவன். நீலாம்பரி ஆரம்பித்ததும் எழுந்து உட்கார்ந்து கேட்கத் தொடங்கிவிட்டேன். மழை பெய்கிற இரவில் மட்டும் தகரக் கூரைக்கடியில் அடித்துப் போட்டதுபோலத் தூங்குகிறேன். இசை பற்றி எழுதுகிறவர் நீங்கள். எதைக் கேட்டால் தூக்கம் வரும்?

ச., ஆரியங்காவு

அன்புள்ள ச.,

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது உங்கள் ரசனை. லாரிக்கு இரண்டாவது இடம்தான்.

நீலாம்பரி ஒன்றும் பொய்யான ராகம் இல்லை. சங்கராபரணத்தில் பிறந்து, தொட்டில்போல அசைந்து அசைந்து நடப்பது. சாமியைத் தூங்கவைக்கும் பள்ளியறைச் சேவையில் நாகஸ்வரக்காரர்கள் அதையும் ஆனந்தபைரவியையும் வாசிப்பதை நீங்களே கேட்டிருப்பீர்கள். ஆனால் அது சாமிக்கு. சாமி மூன்று மணிக்குப் பால் வெட்ட இறங்குவதில்லை, விடிய விடிய ரசிக்கலாம். உங்களைப் போன்றவருக்கு நல்ல வித்வான் ஒருவர் நீலாம்பரியை எடுத்தால், அந்தப் பிடியை இன்னொரு முறை வாசிப்பாரா, மேல் ஷட்ஜத்தை (மேல் ‘ஸ’வை) தொட்டுத் திரும்புவாரா என்று காது காத்துக்கொண்டிருக்கும். காத்திருக்கிற காது தூங்காது. (சபாக்களில் முன்வரிசையில் தூங்குகிறார்களே என்று கேட்காதீர்கள். அது பெரும்பாலும் மதியச் சாப்பாட்டின் வேலை.)

புல்லாங்குழல் விஷயத்தில் நீங்கள் தற்செயலாக ஒரு ஆராய்ச்சியையே செய்து முடித்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. தூங்கப்போகும் இளைஞர்களில் சிலருக்குப் பிரபலமான பாட்டுகளை அப்படியே போட்டார்கள், மற்றவர்களுக்கு அதே பாட்டுகளின் வரியில்லாத வாத்திய வடிவத்தை. பாட்டு மண்டைக்குள் சுற்றிச் சுற்றி ஓடும் தொல்லை வாத்திய வடிவத்தைக் கேட்டவர்களுக்கே அதிகம் வந்தது. அந்தத் தொல்லை வந்தவர்களுக்குத் தூக்கம் தாமதமானது, இரவில் விழிப்பும் கூடியது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. தெரிந்த பாட்டில் வரியை எடுத்துவிட்டால் அந்த வெற்றிடத்தை மனசு சும்மா விடாது. பல்லவியிலிருந்து தானே பாடி நிரப்பும். குழல்காரர் வாசிக்கிறார், நீங்கள் பாடுகிறீர்கள். கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது, தூக்கம் எங்கிருந்து வரும்?

அப்படியென்றால் தாலாட்டில் வார்த்தை இருக்கிறதே, குழந்தை எப்படித் தூங்குகிறது? உங்கள் பக்கத்துப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1813இல் பிறந்த திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளுக்காகக் கவிஞர் இரயிம்மன் தம்பி எழுதிய மலையாளத் தாலாட்டு ‘ஓமனத் திங்கள் கிடாவோ’வை ஆரியங்காவில் கேட்காத காது இருக்காது. அதில் தூங்கு என்று ஓர் இடத்தில்கூட வராது. இது நிலவோ, தாமரையோ, பூவில் நிறைந்த தேனோ, ஆடுகிற மயிலோ என்று கேள்வியாக அடுக்கிக்கொண்டே போவார் தம்பி. பதில் யாரும் சொல்வதில்லை, பதிலுக்காக யாரும் காத்திருப்பதும் இல்லை. நம் வீட்டுத் தாலாட்டும் இதே கட்டுமானம்தான். யார் அடித்து நீ அழுதாய் என்று மாமன், அத்தை, பாட்டி என ஒவ்வொருவராக விசாரணை நடக்கும். சுற்றம் பெரிதாக இருந்தால் பாட்டு நீளும், அவ்வளவுதான். குழந்தை நடுவில் நான்கு வரியைத் தவறவிட்டாலும் அதற்கு நஷ்டமில்லை. கதை இருந்தால் முடிவு என்ன என்று கேட்டு எழுந்துவிடும். பட்டியலுக்கு முடிவு கிடையாது.

கீர்த்தனை அப்படியா? பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ஏறி, மறுபடி பல்லவிக்கு இறங்கும். சினிமாப் பாட்டில் இரண்டாவது இடையிசைக்காகவே நாம் காத்திருப்போம். இவை விழித்திருப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. இவற்றை வைத்துத் தூங்க முயல்வது அந்தப் பாட்டுகளுக்கும் மரியாதை இல்லை.

ஆகவே என் சிபாரிசு கொஞ்சம் சப்பென்று இருக்கும். வெறும் தம்புரா. பாட்டு வேண்டாம், ஆலாபனை வேண்டாம். பஞ்சமம், இரண்டு ஷட்ஜம், கீழே மந்தர ஷட்ஜம் என்று நான்கு தந்திகளை ஒருவர் மீட்டிக்கொண்டே இருக்கும் பதிவு. தாளமில்லை, அடுத்தது என்ன என்ற கேள்வியே எழாது. உங்கள் நாகஸ்வரப் பழக்கத்தில் சொல்வதானால், வித்வானை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒத்துக்காரரை மட்டும் இருத்திக்கொள்ளுங்கள். ஒத்து ஊதுகிறவனுக்கு நம் ஊரில் மரியாதை இல்லாமல் போனது வேறு கதை, ஆனால் மூச்சு அறாமல் ஒரே சுருதியை மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனிதரைக் கவனித்துக் கேட்டவர் யார்? நமக்கு வேண்டியது அந்தக் கவனிக்கப்படாத சத்தம்தான். கட்டைக் குரலுக்கான சுருதியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெண் குரலுக்கானது இரவில் கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும்.

தம்புரா எல்லோருக்கும் சரிவரும் என்று சொல்லமாட்டேன். ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் மக்கள் தூக்கத்துக்கென்று சேர்த்துவைத்த 985 பட்டியல்களை, மொத்தம் 2,25,626 பாட்டுகளை, ஆய்வாளர்கள் அலசி 2023இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை மெதுவான, சத்தம் குறைந்த வாத்திய இசைதான். ஆனால் துள்ளலான பிரபலப் பாட்டுகளும் அதில் இருந்தன. அந்தத் துள்ளலில் தூங்குகிறவர் தூங்கட்டும். நீங்கள் அந்த ரகமில்லை என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி.

மழைக்கு வருகிறேன். தகரக் கூரைமேல் சீராகப் பெய்யும் மழையில் கனத்த ஓசையும் மெல்லிய ஓசையும் எல்லாம் கலந்து இருக்கின்றன. லாரி ஹாரன் அதற்குள் அமுங்கிப்போகிறது. நம்மை எழுப்புவது சத்தத்தின் அளவைவிட, அமைதியிலிருந்து சட்டென்று எழும் மாற்றம். மழை அந்த வித்தியாசத்தைக் குறைத்துவிடுகிறது. மழைச் சத்தத்தின் பதிவைப் போட்டாலும் இந்தப் பலன் ஓரளவு கிடைக்கும். இடி இல்லாத பதிவாகப் பாருங்கள்.

ஆனால் மழை இரவில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது, அதை நீங்கள் எழுதவில்லை. மழை என்றால் மறுநாள் வெட்டு இல்லை. மூன்று மணிக்கு எழ வேண்டும் என்ற கணக்கு மனசில் ஓடாது. அன்றைக்கு எட்டு மணிக்கா படுத்தீர்கள்? பத்து மணி வரை டிவி பார்த்துவிட்டுத்தானே? நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் உடம்பு நன்றாக விழித்திருக்கும். அது உடம்புக் கடிகாரத்தின் வழக்கம். வெட்டு இல்லாத நாளெல்லாம் பத்தரைக்குத் தூங்கிப் பழகிவிட்டு, வெட்டு நாளில் எட்டு மணிக்குக் கண்ணை மூடு என்றால் அது கேட்காது, எந்த ராகம் போட்டாலும் கேட்காது. மழையோ வெயிலோ, எழும் நேரத்தை ஒன்றாக வையுங்கள். மழை நாளில் நாலு மணி வரை சலுகை கொடுக்கலாம்.

இசைக்கும் இதே ஒழுங்கு வேண்டும். சபரிமலையில் நடை சாத்தும்போது ஹரிவராசனம் ஒலிக்க ஒலிக்க விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பார்கள். பாட்டு முடியும்போது நடை சாத்தியாகிவிடும். அந்தப் பாட்டு மத்தியமாவதியில் இருக்கிறது, கச்சேரியை முடிக்கிற ராகமும் அதுதான். இவ்வளவு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, அதன் முதல் வரி காதில் விழுந்ததுமே இன்றைய நாள் முடிந்தது என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. அதையே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். பக்தி உள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடுவார், வேண்டாம். அந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: தினமும் ஒரே பதிவு, ஒரே நேரம். நன்றாக இல்லையே என்று மூன்றாம் நாள் மாற்றாதீர்கள். புடாபெஸ்டில் தூக்கக் குறை உள்ள 94 மாணவர்களிடம் நடந்த ஆய்வில் (2008) ஒரு பிரிவினர் மூன்று வாரம், படுக்கும்போது 45 நிமிடம் மென்மையான சாஸ்திரிய இசை கேட்டார்கள். அவர்களுடைய தூக்கம் மேம்பட்டது. ஒலிநூல் கேட்டவர்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. கதைக்கு முடிவு வேண்டியிருக்கிறது அல்லவா?

மற்றவை சின்ன விஷயங்கள். காதில் எதையும் மாட்டிக்கொண்டு படுக்காதீர்கள். கைபேசியைக் கவிழ்த்து, கை எட்டாத தூரத்தில் வைத்து, முக்கால் மணி நேரத்தில் தானாக நிற்கும்படி மகளை அமைத்துத் தரச் சொல்லுங்கள். பதிவைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது, இல்லையென்றால் நடுவில் நகைக்கடை விளம்பரம் வந்து குடும்பத்தையே எழுப்பும். காதுகொடுத்தால் மட்டும் கேட்கிற அளவு சத்தம் போதும். இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். வாரத்தில் மூன்று நாளாவது இப்படி, மூன்று மாதத்துக்கு மேல் இழுத்தால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். அந்த நிலையில் என்னைப் போன்றவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக்கூடாது.

இப்போது புரட்டாசி. கார்த்திகை பிறந்தால் புளியரைப் பக்கமிருந்து ஐயப்பமார்களின் வண்டிகள் இரவு முழுக்க உங்கள் வளைவில் ஏறும், லாரி ஹாரனே பரவாயில்லை என்று தோன்றும். அதற்குள் தம்புராவைப் பழக்கிக்கொள்ளுங்கள். நீலாம்பரியைத் தூக்கத்துக்குச் செலவழிக்க வேண்டாம். வெட்டை முடித்து, சிரட்டையில் பால் வடிகிற நேரத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

அன்புடன்,
செங்கோட்டையிலிருந்து