ரக்பி லீக் ஊர் தாண்டுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

லாஸ் வேகாஸில் ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆட்டங்கள் நடப்பதைப் பற்றிப் போன இதழில் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளைப் பார்த்துவிட்டு, இந்த வாரப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கச் சொல்லிவிட்டார் ஆசிரியர். கிரிக்கெட் ரசிகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கே: சென்னை புல்ஸ் அணி கோப்பை வாங்கியதே, அந்த ரக்பிதானே இது? (பெரம்பூர் வாசகர்)

இல்லை. 2025-ல் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் ஜெயித்தது ஏழு பேர் ஆடும் செவன்ஸ். அது பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன் வீட்டுப் பிள்ளை. ரக்பி லீக்குக்குத் தனிச் சட்டம், தனி நிர்வாகம். பக்கத்துக்கு 13 பேர். பந்தோடு ஓடுபவரை மடக்கிப் பிடித்துவிட்டால், அவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தை மறுபடி தொடங்குவார். ஆறு முறை மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது ‘ட்ரை’, 4 புள்ளி. இவ்வளவு தெரிந்தால் போதும், டிவி முன்னால் உட்கார்ந்துவிடலாம்.

கே: இங்கிலாந்தில் வடக்கே மட்டும் இதற்கு ஏன் இத்தனை மவுசு? (சேலம் வாசகர்)

கூலித் தகராறு. சனிக்கிழமை ஆட்டம் என்றால் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்ப்பவன் சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டும். அந்த நஷ்டத்துக்கு ஈடாக ஆறு ஷில்லிங் தர வேண்டும் என்றன வடக்கத்திக் கிளப்புகள். காசுக்கு ஆடுவது கனவான்களுக்கு அழகல்ல என்றது லண்டனில் இருந்த ரக்பி நிர்வாகம். (ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீடு அவர்களுடையது அல்ல.) 1895 ஆகஸ்ட் 29-ல் ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, வடக்குக் கிளப்புகள் தனியே பிரிந்தன. அப்படி வந்ததுதான் ரக்பி லீக். லீட்ஸ், விகன், செயின்ட் ஹெலன்ஸ், வாரிங்டன், ஹல் என்று இன்றும் பெரிய அணிகள் பெரும்பாலும் எம் 62 நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்கள்தான்.

ஆலை எந்திர வேலையாக ஹடர்ஸ்ஃபீல்டில் சில காலம் குடியிருந்தவன் நான். மைதானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் ஓய்வுபெற்ற ஆலை ஃபோர்மேன். வந்து உட்கார்ந்ததும் ஆட்டக்காரர்களைப் பார்க்க மாட்டார். வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்கிய எதிர்ப்பக்கத்தைத்தான் பார்ப்பார். “விகன்காரன் நிறைய வந்திருக்கான். கிளப்புக்கு இந்த மாசம் கவலையில்லை” என்பார். பஸ் பிடித்து வந்து டிக்கெட் வாங்கும் பக்கத்து ஊர்க்காரர் இந்தக் கிளப்புகளுக்கு முக்கியமான வரவு. தூர தேசத்து அணி வந்தால் அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கும். புது ஊர் என்றதும் வடக்கத்திக்காரர்கள் முகம் சுளிப்பதை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

கே: கனடாவில் டொராண்டோ அணி தடபுடலாக வந்ததே, என்ன ஆயிற்று? (ஸ்கார்பரோ வாசகர்)

உங்கள் ஊர்க் கதை. உங்களுக்குத் தெரியாததா? மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டொராண்டோ வுல்ஃபேக் 2017-ல் இங்கிலாந்தின் மூன்றாம் பிரிவில் சேர்ந்து அந்த வருடமே மேலே ஏறியது. லாம்போர்ட் ஸ்டேடியத்தில் கையில் பீரோடு, சட்டம் பாதி தெரிந்தும் தெரியாமலும் கூச்சல் போடும் கூட்டம். 2019 அக்டோபரில் ஃபெதர்ஸ்டோனை 24-6 என்று சாய்த்து முதல் பிரிவான சூப்பர் லீக்குக்குள் நுழைந்த அன்று வந்தவர்கள் கிட்டத்தட்டப் பத்தாயிரம் பேர். இங்கிலாந்தில் பல கிளப்புகள் அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும்.

அடுத்த வருடம் நியூசிலாந்து நட்சத்திரம் சன்னி பில் வில்லியம்ஸைப் பெரும் விலை கொடுத்துக் கூட்டிவந்தார்கள். டொராண்டோவில் பனி, அதனால் தொடக்க ஆட்டங்கள் முழுக்க இங்கிலாந்தில். சூப்பர் லீக்கில் ஆறு ஆட்டம், ஆறிலும் தோல்வி. பிறகு கொரோனா. சம்பளம் பாக்கி. ஜூலையில் விலகல். நவம்பரில், மறுபடி சேர்த்துக்கொள்ளலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. வேண்டாம் என்று 8, வேண்டும் என்று 4.

ஒரே முதலாளியின் பணத்தை நம்பியது டொராண்டோவின் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிபந்தனைகளைப் பாருங்கள். டிவி ஒப்பந்தப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. விருந்தாளி அணிகளின் விமான டிக்கெட்டும் ஹோட்டல் செலவும் அவர்கள் தலையில். கடைசியில் தீர்ப்புச் சொல்லும் இடத்திலும் பழைய கிளப்புகளே. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் போய், இன்னொரு இலை போடலாமா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

கே: பல வருடமாகப் பாரிஸில் இருக்கிறேன். இங்கே ரக்பி என்றால் பதினைந்து பேர் ஆட்டம்தான். பதிமூன்று பேர் ஆட்டம் பிரான்சில் எங்கே இருக்கிறது, அண்ணா? (லா சப்பல் வாசகி)

தெற்கே ரயில் ஏறி, ஸ்பெயின் எல்லைக்குச் சற்று முன்னால் பெர்பினியானில் இறங்குங்கள், தங்கச்சி. ஜில்பேர் ப்ரூட்டூஸ் மைதானம், காத்தலான் டிராகன்ஸ் அணி, மஞ்சளும் சிவப்புமாகக் கொடிகள்.

பிரெஞ்சு ரக்பி லீக் நேற்றுப் பிறந்ததல்ல. 1934-ல் ழான் காலியா தொடங்கிவைத்து, தெற்கத்தி ஊர்களில் மளமளவென்று பரவியது. 1941 டிசம்பரில் நாஜிகளோடு ஒத்துப்போன விஷி அரசு ஆணை போட்டு இதைத் தடை செய்து, சங்கத்தின் சொத்தையும் பறித்துக்கொண்டது. போர் முடிந்து ஆட்டம் திரும்பி வந்தபோது, ‘ரக்பி’ என்று பெயர் வைத்துக்கொள்ளக்கூட 1990-கள் வரை உரிமை இல்லை. அந்த நிலையிலும் 1951-ல் ஆஸ்திரேலியாவுக்கே போய்த் தொடரை ஜெயித்துவிட்டு வந்தார்கள். அந்த அணியின் நாயகன் புய்க் ஓபேர், ஆட்டத்துக்கு நடுவிலேயே ரசிகர்களிடம் சிகரெட் வாங்கிப் பற்றவைப்பார் என்று சொல்வார்கள். முதல் உலகக் கோப்பையும் 1954-ல் பிரான்சில்தான் நடந்தது.

ஆக, 2006-ல் டிராகன்ஸ் சூப்பர் லீக்குக்குள் வந்தபோது அங்கே மண் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. இருந்தும் முதல் வருடம் 12 அணிகளில் கடைசி இடம்! கடைசி அணி கீழ்ப்பிரிவுக்குப் போக வேண்டும் என்பது விதி. காத்தலான்களுக்கு மட்டும் மூன்று வருட விலக்குக் கொடுத்திருந்தார்கள். பதினோராம் இடத்தில் இருந்த காசில்ஃபோர்ட் இறங்கியது. அந்த ஊர்க்காரர்களுக்கு வயிறு எரிந்ததில் நியாயம் உண்டு. ஆனால் அந்த விலக்கு இல்லாவிட்டால், அடுத்த வருடமே வெம்ப்ளியில் சேலஞ்ச் கோப்பை (தோற்றால் வெளியேறும் போட்டி) இறுதியாட்டம் ஆடிய அணி இருந்திருக்காது. 2018-ல் வாரிங்டனை 20-14 என்று வென்று, சேலஞ்ச் கோப்பையை இங்கிலாந்துக்கு வெளியே கொண்டுபோன முதல் அணியும் இருந்திருக்காது. அடுத்த வருடம் பார்சிலோனாவின் கேம்ப் நௌவில் விகனோடு ஆடியபோது வந்த கூட்டம் 31,555.

உங்கள் பாரிஸிலும் 1996-ல் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் பெயரில் ஓர் அணி இருந்தது. ஷார்லெட்டி மைதானத்தில் முதல் ஆட்டத்துக்கு 17,873 பேர். 1997 முடிவதற்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். பாரிஸில் இந்த ஆட்டத்தைப் பள்ளியில் ஆடி வளர்ந்த பையன்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், சொல்லுங்கள்.

கே: மெல்போர்னில் என் மகன் பள்ளியில் எல்லோரும் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்துதான். ஆனால் ஸ்டார்ம் அணி ஜெயித்துக்கொண்டே இருக்கிறது. ரக்பி லீக் இந்த ஊரைப் பிடித்துவிட்டது என்று சொல்லலாமா? (மெல்போர்ன் வாசகி)

அணி பிடித்துவிட்டது. ஆட்டம் இன்னும் பிடிக்கவில்லை. 1998-ல் வந்த ஸ்டார்ம், இரண்டாம் வருடமே சாம்பியன். சிட்னியில் 107,999 பேர் முன்னால், இடைவேளையில் 0-14 என்று பின்தங்கியிருந்து, கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டி ட்ரையால் (எதிரணியின் தவறுக்காக நடுவர் கொடுப்பது) 20-18. பிறகு கேமரன் ஸ்மித், பில்லி ஸ்லேட்டர், கூப்பர் கிராங்க் காலம். மூவரும் குயின்ஸ்லாந்து மாநிலத்திலிருந்து வந்தவர்கள்! சம்பள உச்சவரம்பை மீறிய மோசடி 2010-ல் வெளியே வந்து 2007, 2009 பட்டங்கள் பறிபோயின. வேறு அணியாக இருந்தால் அதோடு மூடியிருப்பார்கள். பின்னால் நின்ற முதலாளி பெரிய ஊடக நிறுவனம், அதனால் தப்பித்தது.

மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த முதல் ஆட்டக்காரர் மஹே ஃபொனுவா ஸ்டார்முக்கு ஆடியது எப்போது தெரியுமா? 2012-ல். பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது. அவரும் டோங்கா வம்சாவளி. மெல்போர்னில் இந்த ஆட்டத்தை வளர்ப்பது குடியேறி வந்த பசிபிக் தீவுக் குடும்பங்கள்தான். சனிக்கிழமை காலையில் சிறுவர் ஆட்டம் நடக்கும் மைதானத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், புரிந்துவிடும். ரூல்ஸ் ஆடும் வீட்டுப் பையனை இழுக்கிற வேலையில் காசைக் கொட்டுவது வீண் என்பது என் கட்சி.

கே: பப்புவா நியூ கினி அணிக்கு ஆஸ்திரேலிய அரசு 600 மில்லியன் டாலர் கொடுக்கிறதாமே? விளையாட்டுக்கா, அரசியலுக்கா? (மதுரை வாசகர்)

இரண்டுக்கும். பத்து வருடத்துக்கான தொகை அது. பசிபிக்கில் சீனா கால் ஊன்றிவிடக் கூடாது என்ற கணக்கும் அதில் உண்டு. 2028-ல் அந்நாட்டுத் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து ஆஸ்திரேலிய லீக்குக்கு அணி வரப்போகிறது.

ஆனால் மற்ற எல்லா ஊரையும்விட இங்கேதான் எனக்கு நம்பிக்கை. எண்ணூறுக்கு மேல் மொழி பேசும் நாட்டில் எல்லோருக்கும் பொதுவானது இந்த ஆட்டம். குயின்ஸ்லாந்து மாநிலப் போட்டியில் 2014-ல் சேர்ந்த பப்புவாவின் ஹன்டர்ஸ் அணி 2017-ல் பட்டம் வாங்கியது. ஹன்டர்ஸில் முன்பு ஆடிய ஜஸ்டின் ஓலம், மலைநாட்டு சிம்பு மாகாணத்துக்காரர், லாயே நகரில் இயற்பியல் படித்தவர். பிறகு ஸ்டார்முக்குப் போய் 2020-ல் சாம்பியன் அணியில் இருந்தார். அங்கே ஆட்டத்தைப் பரப்ப யாரும் போக வேண்டியதில்லை. நல்ல பயிற்சி மைதானம், மருத்துவர், ஒழுங்காக வரும் சம்பளம், இவை போனால் போதும். என் பயமெல்லாம் கான்பெராவில் ஆட்சி மாறினால் காசு நிற்குமா என்பதுதான்.

கே: லாஸ் வேகாஸ் ஆட்டம் பயனுள்ளதா? (கோவை வாசகர்)

2024-ல் 40,746 பேர், 2025-ல் விகனும் வாரிங்டனும் சேர்ந்துகொண்டபோது 45,209 பேர். விமானம் ஏறி வந்த ஆஸ்திரேலியர்களையும் இங்கிலாந்துக்காரர்களையும் கழித்துவிட்டு எண்ணினால் பதில் கிடைக்கும். நல்ல திருவிழா.

கே: தமிழ்நாட்டுக்கு இந்த ஆட்டம் வருமா, ஐயா? (திருநெல்வேலி கல்லூரி மாணவர்)

பதிமூன்று பேர் ஆட்டம் சட்டென்று வராது, தம்பி. ஒலிம்பிக்கில் இருப்பது செவன்ஸ். அரசு உதவியும் வேலை ஒதுக்கீடும் அந்தப் பக்கம்தான் போகும்.

சக்கர நாற்காலி ரக்பி லீக்கைத் தேடிப் பாருங்கள். பிரான்சில் உருவானது. உள்ளரங்கில் பக்கத்துக்கு ஐந்து பேர். ஆணும் பெண்ணும் கலந்து ஆடலாம். ஊனம் இல்லாதவர்களுக்கும் இடம் உண்டு. தோளில் ஒட்டியிருக்கும் பட்டையைப் பிய்த்தால் மடக்கியதாகக் கணக்கு. ஆனால் நாற்காலிகள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டால் சாதுவான ஆட்டம் என்று சொல்ல மாட்டீர்கள். 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டரில் பிரான்சை இங்கிலாந்து 28-24 என்று வென்றது. கேப்டன் டாம் ஹாலிவெல் கடைசி நிமிடங்களில் போட்ட ட்ரைதான் வித்தியாசம். உங்கள் கல்லூரியில் கூடைப்பந்து உள்ளரங்கம் இருந்தால் இடப் பிரச்சினை இல்லை. செலவு பிடிப்பது இதற்கென்று செய்த நாற்காலிக்குத்தான். ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரிப் பட்டறையை அதற்குச் சம்மதிக்க வைக்க முடியுமா, பாருங்கள்.